ஒபுரா எதற்காக வெட்டிக்கொண்டான்

– லேசோத் துணியை இழுத்து இழுத்துப் போர்த்திக்கிட்டா கேள்வி நின்னு போயிடுமா ஒபுரா? நேரா சொல்லு. நாப்பத்திரண்டு வயசுல, என்னைக் கட்டி மூணு வருஷம் கழிச்சு, எதுக்காகப் போய் முன்தோலை வெட்டிக்கிட்டு வந்த?

– ஐயோ அபோண்டி, பெஞ்சை ஆட்டாதே. பெஞ்சு ஆடினா எனக்கு உசிரு ஆடுது.

– ஆட்டல. சொல்லு.

– சுத்தம்னாங்க. வெட்டிக்கிட்டா சுத்தமா இருக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க. போதுமா?

– வாசல்ல ஏரி முழுக்கத் தண்ணி கிடக்கு. கடையில சோப்பு கிடக்கு. சுத்தத்துக்குக் கத்தி எதுக்கு?

– அட விடு. எங்க படகுல எல்லாப் பயலுகளும் போனானுங்க. படகை ஓட்டுறவன் நான். நான் மட்டும் பயந்து கரையில நின்னா, நாளைக்கு நடு ஏரியில எவன் என் பேச்சைக் கேப்பான்?

– உன் படகுப் பயலுக போன வருஷம் போனானுங்க. அப்ப நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? "ஒரு லுவோ குலத்து ஆம்பளைக்கு ஆண்டவன் குடுத்ததுல எதுவும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல"ன்னு மீன் சந்தையில நின்னு பிரசங்கம் பண்ணின. கோழிக்காரி கூடக் கைதட்டினா.

– அது போன வருஷம்.

– இந்த வருஷம் ஆண்டவன் மனசு மாறிட்டாரா?

– என் தாயே! கதவைத் தொறந்து போட்டுக்கிட்டு என்ன சத்தம்? காயப்போட்ட ஒமேனா மீனைப் புரட்டிப் போட்டுட்டு, தம்பி எப்படி இருக்கான்னு பாக்கக் கஞ்சி எடுத்துட்டு வந்தேன். டேய் ஒபுரா, நீ கட்டியிருக்கிறது என் லேசோ இல்லடா?

– வாங்க அலுவோச் மதினி. உங்க லேசோதான். உங்க தம்பிக்கு இப்ப கால்சட்டை ஆகாது. அழகைக் கண்ணாரப் பாருங்க.

– அக்கா, சிரிக்கிறதா இருந்தா வெளியில போய்ச் சிரிச்சுட்டு வாங்க.

– எப்படிடா சிரிக்காம இருக்கிறது? பைக்ல இருந்து நீ இறங்கின விதத்தைக் கரையே பாத்துச்சு. ரெண்டு காலுக்கு நடுவுல முட்டைக் கூடை வச்சுக்கிட்டு வர்ற மாதிரி! நம்ம அப்பாவுக்குக் கீழ்வரிசைப் பல்லு ஆறையும் பிடுங்கினாங்க. அதோட அவர் ஆம்பளையாயிட்டார், வேலை முடிஞ்சுது. பல்லைத் தாண்டிக் கீழ யாரும் கைவைக்கல. அதெல்லாம் மேட்டுல இருக்கிற கிசிக்காரங்க பழக்கம். அதுவும் பத்து வயசுல. உனக்கு எதுக்குடா இந்த வயசுல?

– அதைத்தான் நானும் காலையிலருந்து கேக்குறேன் மதினி.

– கேக்குறது சரி. கதவோரம் அந்தப் பை என்ன உயோமாக்காரி?

– என் பை. நாலு மணிப் படகுல எங்க ஊரு உயோமாவுக்கே போறேன். உங்க தம்பி நேரா பதில் சொன்னா பையை அவிழ்ப்பேன். சொல்லலேன்னா படகு ஏறுவேன்.

– என் தாயே! போனா உனக்குப் பரிசமா நாங்க குடுத்த மாடு?

– அக்கா! அவ போறேங்கிறா, நீங்க மாட்டைக் கேக்குறீங்க!

– ரெண்டையும் கேக்கணும்ல? சரி, உக்காரு உயோமாக்காரி. ஆம்பளைங்க இப்பெல்லாம் வெட்டிக்கிறாங்க. ஒலிபெருக்கி கட்டின வண்டி வந்து கூப்பிடுது, காசு வாங்காமப் பண்றாங்க, சோடா குடுக்கிறாங்க. இதுக்காகவா ஒருத்தி பையைக் கட்டுவா?

– எதுக்காக வெட்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மதினி?

– அந்த எய்ட்ஸ் நோய் வராம இருக்கத்தான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

– அப்படிச் சொல்லுங்கக்கா! அதுக்குத்தான் போனேன். இவளுக்காகத்தான் போனேன். ரெண்டு பேருக்கும் பாதுகாப்பா இருக்கட்டும்னு சதையைக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கேன். எனக்குக் கிடைக்கிறது என்ன? ஒரு பையும் ஒரு படகும்.

– ரெண்டு பேருக்குமா?

– ஆமா, ரெண்டு பேருக்கும்.

– ஒபுரா, மழையில நீ ஒரு கோட்டு மாட்டிக்கிட்டா நான் நனையாம இருப்பேனா?

– அது... பக்கத்துல நின்னா கொஞ்சம்...

– நனைவேன். தொப்பலா நனைவேன். உன் கோட்டு உனக்கு. அந்தக் கத்தியும் அப்படித்தான். பொம்பளைகிட்டருந்து ஆம்பளைக்கு வர்றதை அது குறைக்கும். நூத்துக்கு அறுபதுங்கிறாங்க. ஆம்பளைகிட்டருந்து பொம்பளைக்கு வர்றதுல அது ஒரு மயிரையும் பிடுங்காது. அந்த அறுபதும் உன் அறுபது. அதுல எனக்கு ஒண்ணு கூடக் கிடையாது.

– இரு இரு, உயோமாக்காரி. எனக்கு மண்டையில ஏறல. ஒரே பாயில படுக்குறீங்க. வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தானே வரணும்?

– அங்கதான் மதினி நாம எல்லாரும் ஏமாந்தோம். ஒரே பாயி, ஆனா ஒரே கணக்கு இல்ல. நம்ம கரையைப் பாருங்க. படகு வருது, போகுது. வந்த படகு டீசலைக் கொட்டிட்டுப் போனா அது எங்க கிடக்கு?

– கரையில. எங்க ஒமேனா மேல. போன வாரம் கூட ஒருத்தன்...

– படகுல கிடக்குதா?

– படகு போயிடுச்சே.

– அவ்வளவுதான். நாம கரை மதினி. ஆம்பளை வந்துட்டுப் போயிடுவான், கழுவிடுவான், தூங்கிடுவான். அவன் விட்டுட்டுப் போனது நம்மகிட்ட மறுநாள் வரைக்கும் கிடக்கும். நமக்கு உள்ள இடமும் பெருசு, தோலும் மெலிசு. அதனால ஒருதரம் சேர்ந்தா, அவங்களுக்கு நம்மகிட்டருந்து வர்றதை விட நமக்கு அவங்ககிட்டருந்து வர்றது ரெண்டு பங்கு சுலபம்.

– படகுலயும் ஓட்டை விழும் அபோண்டி. ஒண்ணுமே ஆகாத மாதிரி பேசுற.

– விழும். யாரு இல்லைன்னா? ஆனா உன் ஓட்டை சின்னது. இப்ப அதையும் பாதிக்கு மேல அடைச்சுட்டு வந்து உக்காந்திருக்க. கரைக்கு என்ன பண்ணின? கரைக்கு ஒண்ணும் பண்ணல.

– அட ஆண்டவனே! இவ்வளவு வலியும் எனக்கு, இதுல நான் சுயநலக்காரனாவும் ஆயிட்டேனா?

– என் தாயே... அப்ப சின்னப் பொண்ணுங்களுக்கு?

– இன்னும் மோசம் மதினி. உடம்பு முத்தாத வயசு. சுலபமா கீறும், சுலபமா ஒட்டும்.

– என் ரெண்டாவது பொண்ணு கிசுமு டவுன்ல ஹாஸ்டல்ல இருக்கா. அவளுக்கு ஒரு மீன் ஏஜெண்டு புது போன் வாங்கிக் குடுத்திருக்கானாம். "நல்லவரும்மா, பெரியவரும்மா"ங்கிறா. சனிக்கிழமை பஸ் ஏறுறேன். போனை அவன் வாயில திணிச்சுட்டு வர்றேன்.

– ஏறுங்க மதினி. திணிச்சுட்டு, பொண்ணை உக்கார வச்சுப் பேசுங்க. அந்த நோய் ஒட்டாம இருக்கப் பொம்பளைங்க போட்டுக்கிற மாத்திரை இருக்கு, உள்ள வச்சுக்கிற வளையம் இருக்கு. நமக்கும் வழி இல்லாம இல்ல. கேக்கத்தான் வெக்கப்படுறோம்.

– ஏன் உயோமாக்காரி, இவ்வளவும் நீ எங்க கத்துக்கிட்ட? டாக்டரம்மா மாதிரி பேசுற.

– எங்கயோ... ஆஸ்பத்திரியில நிக்கிறப்ப காதுல விழுந்தது.

– எந்த ஆஸ்பத்திரி?

– அட விடுங்கக்கா. காதுன்னு இருந்தா நாலு விஷயம் விழத்தான் செய்யும். கஞ்சி ஆறுது, இங்க தள்ளுங்க.

– கஞ்சியைப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிக்கப் பாக்காதே ஒபுரா. பேச்சு இன்னும் முடியல.

– முடிஞ்சுதே! நான் ஒரு நல்ல கணக்கு சொல்றேன் கேளு. எனக்கு வந்தாத்தானே உனக்கு வரும்? எனக்கு வராம அடைச்சுட்டேன். அப்ப உனக்கும் வராது. ஆக, உனக்காகத்தான் வெட்டிக்கிட்டேன். எப்படி?

– பரவாயில்லையே! நல்லாத்தான் சொல்றான் தம்பி.

– நல்லாத்தான் இருக்கு. இப்ப இதுக்குப் பதில் சொல்லு. உனக்கு எங்கருந்து வரும் ஒபுரா?

– எங்கருந்துன்னா?

– கொசு கடிச்சா வராது. ஒரே தட்டுல உகாலிக் களி தின்னா வராது. என்னைத் தவிர வேற எவகிட்டயாவது போனாத்தானே உனக்கு வரும்? அடுத்த மாசம் நிலா மறைஞ்சதும் ஒமேனா பின்னாடி தீவுப் பக்கம் போற. ரெண்டு மாசம் அங்கதான் கிடப்ப. போறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைச்சுக்கிட்ட. நான் என்ன நெனைக்கணும்? சொல்லு, அந்தக் கரையில முதல் கூடை மீனை எவளுக்குக் குடுக்கிற?

– ஐயோ! முதல் கூடையா! ஆண்டவன் சத்தியமா...

– ஆண்டவனை விடு. பேரைச் சொல்லு. படகுக்காரன் எவளுக்கு முதல் கூடை குடுக்கிறானோ அவ வீட்லதான் ராத்திரி சாப்பாடுன்னு இந்த ஏரியைச் சுத்தி எல்லாருக்கும் தெரியும்.

– இரு உயோமாக்காரி. இதுக்கு நான் சாட்சி சொல்லணும். எனக்கே அவமானமா இருக்கு, ஆனா சொல்லிடறேன். முதல் கூடை எனக்கு.

– உங்களுக்கா?

– எனக்குத்தான். தீவுக்கு நானும்தானே மீன் எடுக்கக் கூடவே போறேன். முதல் கூடை அக்காவுக்குன்னு குடுப்பான், விலையில ஒரு ஷில்லிங் குறைக்க மாட்டான். அங்க பொம்பளைங்க எல்லாம் இவனைக் கண்டா எரிச்சல் படுறாளுங்க. "அக்காக்காரன் வந்துட்டான், இவன் படகுல ஒண்ணும் பெயராது"ன்னு அடுத்த படகுக்குப் போயிடுவாளுங்க. ராத்திரி என் கூடாரத்து வாசல்லதான் குறட்டை விடுவான். ரெண்டு மாசம் நான் தூங்கினதே இல்ல.

– நெசமா மதினி?

– என் பிள்ளைங்க மேல சத்தியம். தம்பிங்கிறதுக்காகச் சொல்லல. இவன் தப்பு பண்ணியிருந்தா உனக்கு முன்னாடி நான் பையைக் கட்டியிருப்பேன்.

– கேட்டியா அபோண்டி? இன்னொண்ணும் சொல்றேன். வெட்டுறதுக்கு முன்னாடி அங்க ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. என்கிட்ட ஒண்ணும் இல்ல. சுத்தம்.

– ...ரத்தம் பாத்தாங்களா?

– பாத்தாங்க.

– ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களா? உறுதியா?

– "ஒண்ணும் இல்ல, நீங்க நல்லா இருக்கீங்க"ன்னாங்க. உன்கிட்டப் பொய் சொல்வேனா?

– ஏன் உயோமாக்காரி, கண்ணைத் துடைக்கிற?

– புகை மதினி. பக்கத்து வீட்ல மீன் சுடுறாங்க.

– பக்கத்து வீட்ல யாரும் இல்லையே. எல்லாரும் சாவுக்குப் போயிருக்காங்க.

– அப்ப தூசி. விடுங்க. ஒபுரா, இப்பத்தான் எனக்கு இன்னும் புரியல. நீ வேற எவகிட்டயும் போகல. மதினி சத்தியம் பண்றாங்க, நான் நம்புறேன். இனிமேலும் போக மாட்ட?

– போக மாட்டேன்.

– அந்தக் கத்தி ஆம்பளையைப் பொம்பளைகிட்டருந்து காப்பாத்துறதுக்கு மட்டும்தான்.

– நீதான் சொன்ன.

– அப்ப எந்தப் பொம்பளைகிட்டருந்து?

– அதானே! நானும் அதைத்தான் கேக்க வந்தேன். பேசுடா!

– அக்கா, உங்க ஒமேனா மேல நாரை இறங்குது.

– எங்கடா?

– அதோ, வலை விரிச்ச இடத்துல. ரெண்டு. இல்ல, நாலு.

– பாவிங்களா! இந்த வாரம் காஞ்ச மீன் அது ஒண்ணுதான்! நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் பேச்சை முடிச்சுடாதீங்க. பையையும் தொடாதீங்க! சூ! சூ! போ அந்தாண்ட!

– ஒரு நாரையும் காணோம் ஒபுரா. நான் இங்கருந்தே பாக்குறேன். வானம் வெறிச்சுன்னு கிடக்கு.

– தெரியும்.

– பின்ன எதுக்கு அவங்களை ஓட வச்ச?

– கதவைச் சாத்து. கிட்ட வந்து உக்காரு. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். அந்தப் பக்கம் வலி.

– உக்காந்துட்டேன். நேரா சொல்லு.

– நேராவே சொல்றேன். உன்கிட்டருந்துதான் அபோண்டி.

– என்ன?

– எந்தப் பொம்பளைகிட்டருந்துன்னு கேட்டியே. உன்கிட்டருந்து.

– ...உனக்கு யாரு சொன்னது?

– யாரும் சொல்லல. போன வருஷ மழைக்கு எஞ்சின் பார்க்க உங்க ஊர்ப்பக்கம் போனேன். போன இடத்துல உங்கம்மாவுக்கு ரெண்டு மீன் குடுத்துட்டுப் போகலாம்னு வீட்டுக்குப் போனேன். "அபோண்டி வந்து ரொம்ப நாளாச்சே, சௌக்கியமா இருக்காளா?"ன்னு கேட்டாங்க. நீ அன்னிக்கு விடிகாலையிலதான் "அம்மாவைப் பாக்கப் போறேன்"னு என்கிட்டச் சொல்லிட்டுப் படகு ஏறியிருந்த.

– ஐயோ.

– எனக்கும் நீ இப்ப நெனச்சியே, அந்த நெனப்புதான் வந்துச்சு. எவன்டா அவன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினேன். ஆஸ்பத்திரி வாசல்ல வேப்பமரத்தடியில வரிசையா உக்காந்திருந்தாங்க. நடுவுல நீ. நீலத் துணியை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு. அந்த மாத்திரை வரிசை எதுக்குன்னு இந்த ஏரிக்கரையில பொறந்தவனுக்குச் சொல்லித் தரணுமா? நின்னு பாத்தேன். மீனைக் கூட அங்கயே மரத்துல மாட்டிட்டு வந்துட்டேன்.

– முதல் புருஷன் குடுத்துட்டுப் போனது ஒபுரா. அவன் செத்த அப்புறம்தான் எனக்கே தெரியும். உன்கிட்டச் சொல்லணும் சொல்லணும்னு... பாதி ராத்திரி உன்னை எழுப்பியிருக்கேன் சொல்றதுக்கு. நீ "என்ன"ன்னு கேட்டா "குறட்டை விடாதே"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன்.

– அதுக்குத்தான் எழுப்புவியா? நான் நிஜமாவே குறட்டையைக் குறைக்கப் பாத்தேனே!

– ஒரு வருஷமா தெரிஞ்சு வச்சிருக்க. ஏன்யா ஒரு வார்த்தை கேக்கல?

– கேட்டா, நீ இல்லைன்னு பொய் சொல்லணும். இல்ல, ஆமான்னு சொல்லிட்டு இந்தப் பையைக் கட்டணும். ரெண்டும் எனக்கு வேண்டாம். இந்த வருஷம் மறுபடியும் ஒலிபெருக்கி வண்டி கத்திக்கிட்டு வந்துச்சு, பொம்பளைகிட்டருந்து ஆம்பளைக்கு வர்றதைக் குறைக்கும்னு. மத்தவன் எல்லாம் சோடாவுக்குப் போனான், நான் இதுக்குப் போனேன். அங்க நர்ஸம்மா கேட்டாங்க, "வீட்ல யாருக்காவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கு"ன்னு. இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன். உன் பேரு என் வாயிலருந்து வெளியில போகக் கூடாது பாரு.

– அதைச் சொல்லாம வந்துட்டியா?

– சொல்லல. விட்டுட்டு ஓடப் போறவனா இருந்தா எனக்குக் கத்தி எதுக்கு அபோண்டி? ஓடியே போயிருக்கலாமே. கூடவே கிடக்கப் போறவன், அதான் படுத்துக் குடுத்தேன். நமக்கு ஒரு பிள்ளை வேணும்னு நீ கேட்டுக்கிட்டே இருக்க. நானும் பயப்படாம... என்ன இது? அழறியா, சிரிக்கிறியா? ஆட்டாதே! பெஞ்சை ஆட்டாதே, தையல் போட்டிருக்கு!

– ஐயோ ஒபுரா, என் கிறுக்கு மனுஷா... நான் ஒரு நாள் விடாம மாத்திரை முழுங்கி, என் ரத்தத்துல அது கண்ணுக்கே அகப்படாம அடங்கிக் கிடக்கு, இப்படியே இருக்கிற வரைக்கும் உனக்கும் ஒட்டாது, பிறக்கிற பிள்ளைக்கும் ஒட்டாம பாத்துக்கலாம்னு டாக்டர் நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார். அந்த நர்ஸம்மாவும் உனக்குச் சொல்ல இருந்தது அதுதான். நான் சொல்லப் பயந்து ஊமையாக் கிடந்தேன், நீ கேக்கப் பயந்து தோலையே சும்மாக் குடுத்துட்டு வந்திருக்க!